ஓட்டுநரும் ஒரு நாற்காலியும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் அவளுக்கு நீராவியக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. வீடியோ கேம் என்றால் அவளுக்கு எட்டிக்காய். மகள் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்தால், கண்ணும் கெடும் புத்தியும் கெடும் என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கேம் பெட்டி வந்து உட்கார்ந்தது கணவரால்தான்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பக்கவாதம் வந்து இடது காலும் கையும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. கால் மெல்லத் தேறியது. கை மட்டும் யாருடையதோ போல மடியில் கிடந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். அவள் தலை மறைந்ததும் பந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். உருண்டதா, உருட்டிவிடப்பட்டதா என்று நீராவியக்கா கேட்டதில்லை.

ஸ்டியரிங் வைத்து விளையாடும் கேம் ஒன்று வாங்கிப் பாருங்களேன் என்றதும் அந்தப் பெண்தான். நீராவியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளோ அம்மா முகத்தைப் பார்க்காமலே போய் வாங்கி வந்துவிட்டாள்.

மேசை விளிம்பில் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டினார்கள். தரையில் பெடல்கள், டிவியில் பெரிய லாரி, முன்னால் நெடுஞ்சாலை. ஹாரன் சத்தமே சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே அவர் வலது கையால் ஓட்டினார். ஒரு வளைவில் லாரி தடுப்புச் சுவரை உரசப் போனது. மடியில் கிடந்த இடது கை எழுந்து வந்து ஸ்டியரிங் மேல் விழுந்தது. பிடிக்கவில்லை, சும்மா விழுந்து கிடந்தது. ஆனாலும் வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. சமையலறை வாசலில் நின்ற நீராவியக்கா, வாயைத் திறந்தால் கை திரும்பிப் போய்விடுமோ என்று மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

போகப் போக விரல்கள் மடங்கின. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தது. அவளுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் வண்டி ஓட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று பேருந்தில் எழுதியே வைத்திருப்பார்கள். இப்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, துணி மடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். வளைவுக்கு எவ்வளவு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். பேருந்துக்கு முன்னால் ஓடி வந்த ஒரு குழந்தை மயிரிழையில் தப்பியதை, வீட்டில் வாய்விடாமலே வைத்திருந்ததை, ஒரு மலைப்பாதையில் லாரியை ஏற்றியபடி சொல்லி முடித்தார்.

பிறகு ஹெட்போன் வந்தது. முகம் தெரியாத ஆட்களோடு இணையத்தில் சேர்ந்து லாரிகளை வரிசையாக ஓட்டிப் போகும் ஆட்டம். அவர் பேச்செல்லாம் அவர்களோடுதான். காலை நடை நின்றது. சாப்பாடு ஆறிப்போனது. ஆட்டத்தில் சிவப்பு விளக்கில் நிற்காமல் போவதையும் ஒரு நாள் பார்த்தாள். சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

ஒரு மாலை சாவியைச் சலவைக்கூடத்திலேயே விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். மணி அடித்தாள், கதவைத் தட்டினாள், போன் போட்டாள். ஜன்னல் வழியே அவருடைய முதுகு தெரிந்தது. எதற்கோ குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் நின்ற கால் கெஞ்சியது. எதிர்வீட்டம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பசி எடுத்த பிறகுதான், இன்னும் இவளைக் காணோமே என்று அவர் கதவைத் திறந்தார். லாரி வரிசையில் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போது பாதி வழியில் நிறுத்த முடியாது என்று சமாதானம் சொன்னார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஸ்டாப்புல ஒருத்தர் கை காட்டி நிக்கும்போது பாக்காம போற ஆளா நீங்க?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஹெட்போன் அலமாரிக்குள் போனது. ஆட்டமும் நின்றது. ஆனால் ஆளும் வாடிப்போனார்.

பிசியோதெரபிஸ்ட் பெண் நோயாளிகளையும் வீட்டாரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தாள். அதே நோய் கண்ட தன் மனைவிக்கு இப்படி ஒரு கேம் வாங்கலாமா என்று ஒரு தச்சர் நீராவியக்காவிடமே கேட்டார்.

"கைக்கு நல்லதுங்க, கண்ணால பார்த்தேன்" என்றாள். "பந்து அலுத்துப்போகும், இது அலுக்காது. அதுதான் அதுல இருக்கிற கெடுதலும். போதும்னு அது சொல்லவே சொல்லாது. பக்கத்துல உட்கார உங்களுக்கு நேரம் இருந்தா வாங்குங்க."

"இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லு" என்றார் கணவர். பல பேருக்கு முன்னால் அவர் வாய் திறந்து வெகுநாளாகியிருந்தது. "வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் என் கையைத்தான் பாக்குறாங்க. ஆட்டத்துல கூட ஓட்டுற பசங்களுக்கு எனக்கு நோவுன்னே தெரியாது. நல்லா ஓட்டுறீங்க அண்ணேன்னு சொன்னாங்க."

நீராவியக்கா இதை நினைத்தே பார்த்ததில்லை. கையைப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்திதானே.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, அந்த ஆட்களின் குரலை டிவியிலேயே கேட்க வழி உண்டா என்று விசாரித்தாள். உண்டாம். இப்போது காலையில் நடை, சாயங்காலம் லாரி. வீடு முழுக்கக் கேட்கும் அந்தப் பேச்சில் கெட்ட வார்த்தை கொஞ்சநஞ்சமில்லை. அதுவும் ஒரு குறைதான் என்பாள், கேட்பவர்களிடம். அவள் துணிக்கூடையோடு வந்து உட்கார்ந்தால் மட்டும் அவர் மேசை மைக்கில் அந்த ஆட்களிடம் சொல்லிவிடுவார்:

"டேய், அண்ணி வந்தாச்சு. பாத்துப் பேசுங்க."