சக்கர் என்றால் சர்க்கரை இல்லை

ஊர்ப்பட்ட சங்கதி இருக்க, குழாய் உறைந்த கதைதானா உனக்கு வேண்டும்? வேலையற்றவளே, கேட்டுத் தொலை.

சவூதி என்றால் வெயில்தான் என்று நம்பி, மெல்லிய வாயில் சேலைகளோடு விமானம் ஏறியவள் நான். மகனுக்கு வேலை வடக்கே, தபூக்கில். அங்கே குளிர்காலத்தில், மாடித் தொட்டியிலிருந்து சுவரோரம் இறங்கும் குழாயில் தண்ணீர் ஐஸாகிவிடும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மருமகளுக்கு ஏழாம் மாதம். கீழ்வீட்டிலிருந்து இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று ஓனர் வேறு சொல்லியிருந்தார். முதல் புகார், நான் விடியற்காலையில் மிளகாய் இடித்ததற்கு.

அன்று காலை மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். குழாயைத் திறந்தால் காற்றுகூட வரவில்லை. கட்டடத்துக் காவல்காரர், ஒரு சூடானி, கதவைத் தட்டினார்.

“மாமா, மோயா மாஃபி. சக்கர், சக்கர்” என்று அடுக்களையைக் காட்டி விரலைத் திருகினார்.

மாமா என்றால் இங்கே அம்மா, மோயா என்றால் தண்ணீர், அதெல்லாம் தெரியும். மாஃபி என்றால் மன்னிப்பு. எங்கள் ஊரில் உருதுக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். தண்ணீர் வராததற்கு மன்னிப்புக் கேட்கிறார், தங்கமான மனிதர். விரலைத் திருகுவது டீ கலக்க. நாங்கள் சீனி என்போம். இவர் மெட்ராஸ்காரர்களோடு பழகி ‘சக்கர’ என்கிறார் போலும். டம்ளர் நிறையக் கொடுத்து, “பரவால்ல வாப்பா, வரும்போது வரட்டும்” என்றேன். அவர் டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. ஐஸ் உருகியது. ஜன்னலோரம் குழாய் வளைவு ஏற்கெனவே வெடித்திருக்கிறது, பனிக்கட்டி அடைத்திருந்தவரை தெரியவில்லை. நான் துணியைக் கட்டினேன், சட்டியை வைத்தேன், மகனுக்கு மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால் கொடுத்தேன். அவன் வந்து கால் வைத்தபோது கார்ப்பெட் சளக்கென்றது.

“உம்மா, வால்வ மூடச் சொல்லி ஆளு வரலியா?”

“சீனி கேட்டுத்தான் ஒருத்தரு வந்தாரு.”

“சக்கர்னா மூடுன்னு அர்த்தம்மா. மாஃபின்னா இல்லன்னு அர்த்தம்.”

இல்லைக்கும் மன்னிப்புக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களை விட்டுவிட்டு என்னைத் திட்டினான். மருமகள் நனையாத நாற்காலியில் உட்கார்ந்து, இந்த வயிற்றோடு எங்கே வீடு தேடுவது என்று கேட்டாள்.

அதற்குள் கூரை ஒழுகுகிறதென்று கீழிருந்து இரண்டு பெண்கள் ஏறி வந்துவிட்டார்கள். ஒருத்தி ஹைதராபாத்காரி, ஒருத்தி சிரியாக்காரி. மகன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு நெஞ்சில் கைவைத்துப் பேசினேன். உருதுக்காரி என் கையைப் பிடித்து மன்னித்துவிட்டு, துடைக்கத் துணி எடுக்கப் போனாள். அரபிக்காரியோ, தண்ணீர் இங்கிருந்து வரவில்லை என்று புரிந்துகொண்டு காவல்காரரைத் தேடி இறங்கினாள். ஓனர் காதுக்கு எதுவும் போகவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து நான் சொன்னது ஒரே சொல்தான்.

“மாஃபி.”