பின்பாதியைத் தேடிக் கம்பைநல்லூர் வரை

1974 மார்ச், வெள்ளிக்கிழமை. காலை பத்தேகாலுக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கினேன். பெங்களூரில் நான் கிளம்பும்போதே அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பாட்டுக்காக எந்தப் பொண்ணாவது தனியா ஊர் ஊரா அலைவாளா?" அலைவாள். மறுநாள் மாலை எங்கள் கல்லூரி அரங்கில் நான் கிதார் வாசிக்க வேண்டும். அந்தப் பாட்டை முழுசாக வாசிப்பேன் என்று எங்கள் ராக் குழுவில் சவடால் வேறு அடித்துவிட்டேன். பின்பாதியோ எனக்குத் தெரியாது.

'தி டாமரிண்ட்ஸ்' என்ற பெயரில் தர்மபுரிப் பையன்கள் நான்கு பேர் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல் புளிக் கிடங்கில் வாசித்துப் பழகினார்கள். ஒரே வருஷம், ஆறேழு கச்சேரி, அவ்வளவுதான், கலைந்துபோனார்கள். இசைத்தட்டெல்லாம் கிடையாது. ஆனால் கடைசிக் கச்சேரியில் வாசித்த புதுப் பாட்டு ஒன்று, கேட்டவன் வாசிக்க, அவனைப் பார்த்து இன்னொருவன் வாசிக்க, பெங்களூர் வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் கிதார்கள் சட்டென்று அடங்கும். டிரம் மட்டும் எட்டுத் தட்டுத் தட்டி நிற்கும். இன்று எங்கள் ஊரில் எந்தக் குழுவும் இந்த நிறுத்தத்தை வைக்காமல் மேடை இறங்குவதில்லை. அப்புறம் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்தக் கடைசிக் கச்சேரி நடந்தது பொம்மிடியில்தான். ஸ்டேஷன் வாசலில் பதினைந்து பைசாவுக்கு டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அட, அந்தப் புளிப் பசங்களா! டிரம்மு அடிச்ச அன்வர் கம்பைநல்லூர்ல புளி மண்டி வச்சிருக்காருங்க. போய்ப் பாருங்க."

ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். கடத்தூரில் பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ் எப்போது என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். "வரும்போது வரும்ங்க" என்றார். முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தேன்.

பகல் ஒன்றரை, கம்பைநல்லூர். மண்டி வாசலிலேயே புளி வாசனையில் பல் கூசியது. அன்வருக்கு இருபத்தாறு வயதிருக்கும். மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவரிடம் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இதுக்கா பெங்களூர்ல இருந்து வந்தீங்க? நல்ல ஆளுங்க நீங்க! மொதல்ல சாப்புடுங்க, வூட்ல சொல்லியனுப்பறேன்."

"சாப்பாடு கிடக்கட்டுங்க. பின்பாதி?"

காலி டின் ஒன்றைக் கவிழ்த்து, குச்சியால் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினார். சொல்லவே சங்கடமாக இருக்கிறது. படு சுமார். ஒரே இழுவை. என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும்.

"நல்லால்லீங்க. எங்களுக்கே தெரியும்" என்று சிரித்தார்.

"அப்போ நடுவுல நிறுத்தினது யாரோட யோசனை?"

"யோசனையா? கரண்டு போச்சுங்க! கிதாரு ரெண்டும் ஊமையாயிடுச்சு. பகல்ல லைட்டு எரிஞ்சாத்தானே கரண்டு போனது சனத்துக்குத் தெரியும்? பாட்டு முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுட்டாங்க. எங்கப்பாவுக்கு அன்னிக்குக் காலையிலதான் விசயம் தெரிஞ்சுது. இனிமே டிரம்மைத் தொட விடமாட்டாருன்னு எனக்குத் தெரியும். டிரம்முக்கு எதுக்குங்க கரண்டு? அடிச்சேன்."

"எட்டுத் தட்டு" என்றேன், தெரிந்தவள் மாதிரி.

குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "எட்டா? எவன் சொன்னான்? கரண்டு வரவேயில்லீங்க. பொழுது சாயற வரைக்கும் அடிச்சேன். விரலெல்லாம் கிழிஞ்சுபோச்சு. எந்திரிச்ச சனம் அத்தனையும் திரும்பி உக்காந்துச்சு."

அந்த மனுஷனின் கடைசிப் பகலை நாங்கள் எட்டுத் தட்டில் முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தோம். கோபமாக வந்தது, எங்கள் மேல்தான்.

நான்கு மணிக்குத் தர்மபுரி பஸ். நாளைக்கு வாருங்களேன் என்று கூப்பிட்டேன். "மண்டியை யாருங்க பாப்பாங்க? அடிக்கறவனை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க, அது போதும்" என்றவர், அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் புளியை ஜன்னல் வழியாகத் திணித்தார்.

சனிக்கிழமை மாலை, பெங்களூர். எங்கள் அரங்கில் கரண்ட் போவது அபூர்வம். ஆகவே அந்த இடம் வந்ததும் நானே குனிந்து கிதார்களின் பிளக்கைப் பிடுங்கினேன். எட்டுத் தட்டு முடிந்தது. வழக்கம்போலக் கைதட்டிக்கொண்டே எல்லோரும் எழுந்தார்கள். எங்கள் டிரம்மர் என்னைப் பார்த்தான்.

"அடிடா" என்றேன்.