தெற்குக் கடலுக்குப் போன ஆறாம் நம்பர்

எங்கள் யூனிட்டில் செய்த பொருள்களில் மிக அதிகத் தொலைவு போனது, ஒரு சீலின் தலையில் ஒட்டிக்கொண்டு போனதுதான். பயிற்சிக்கு வரும் டிப்ளமோ பிள்ளைகள் அதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கோ அதை நினைத்தாலே மனசு கனத்துவிடுகிறது. ஒரே தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

1. ஆயில் சீல் இல்லை

தொண்ணூற்றாறில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு தேனியில் சாகுல் பாய் நடத்திய யூனிட்டில் சேர்ந்தேன். எனக்குச் சொந்த ஊர் போடி. அப்பாவுக்கு அங்கே பஜாரில் பாத்திரக்கடை. பாய் உத்தமபாளையத்துக்காரர். நூற்பாலைகளுக்குச் சென்சார் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அதில் பாட்டிங் என்று ஒரு வேலை உண்டு. சென்சாரை மோல்டுக்குள் நிறுத்தி, எபாக்ஸி ரெசினில் ஹார்ட்னரைக் கலந்து ஊற்றிக் கல் மாதிரி இறுக விட வேண்டும். பஞ்சுத் தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் இருக்கத்தான் இது. ஊற்றும்போது ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலும் பின்னால் அந்த இடத்தில் விரிசல் விடும். பாய் ஊற்றியதில் குமிழி இருந்து நான் பார்த்ததில்லை.

நான் சேர்ந்து ஒன்பது வருஷம் கழித்து முத்துக்குமார் வந்தார். மார்க்கையன்கோட்டைக்காரர். வெளிநாட்டில் ஒரு கடல் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவரை, மில்லில் வேலை பார்த்த அவருடைய மாமா எங்களிடம் அனுப்பிவைத்திருந்தார்.

"சீல் தலையில ஒட்டுற மாதிரி ஒரு கேசிங் வேணும் பாய்" என்றார்.

"ஆயில் சீலா, வாட்டர் சீலா?" என்று, மெஷினில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டு கேட்டார் பாய்.

முத்துக்குமார் சிரித்துக்கொண்டே ஒரு போட்டோவைக் காட்டினார். கூழாங்கல் கரையில், ஜீப் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பிராணி, கடல்நாய், படுத்திருந்தது. அதன் தலையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு ஆன்டெனா.

தென்துருவக் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும், கப்பல் உள்ளே போகாது, ஆனால் சீல் போகும் என்று அவர் விளக்கினார். இரை தேடி அது ஆழத்துக்கு முங்கும்போது, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று கருவி பதிந்துகொள்ளும். மூச்சு வாங்க மேலே வரும்போது சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை சீல் கரையேறி முடி உதிர்க்கும். கருவியும் முடியோடு கழன்று விழும். உள்ளே இருக்கும் சர்க்யூட்டை முத்துக்குமாரின் குழுவே செய்திருந்தது. மேலே போடும் கேசிங்தான் குளிரில் வெடித்துக்கொண்டிருந்தது. இது சரியாக வராவிட்டால் குழுவில் தன் இடம் நிலைக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தச் சீவனுக்கு வலிக்காதா தம்பி?"

"முடியிலதான் ஒட்டுறோம் பாய். தோல்ல படாது."

"அப்ப மூலையெல்லாம் மழுக்கிரணும். தலையைக் கல்லுல தேச்சாலும் உறுத்தக் கூடாது."

வேலையை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அப்போது புரிந்துகொண்டேன்.

2. கம்பத்து ஐஸ் பேக்டரி

தேனியில் துருவக் குளிருக்கு எங்கே போவது? கம்பத்தில் ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. ஐஸ் அச்சுகளை இறக்கி வைக்கும் தொட்டியில் உப்புக் கரைசல் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அது உறையாது. துருவக் கடல் மாதிரியேதான். ஐஸில் வாடை ஏறிவிடக் கூடாது என்று பயந்துகொண்டே அந்த முதலாளி சம்மதித்தார்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். முதல் பீஸ் கரைசலில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. தூக்கிப் பார்த்தால், சூடு பார்க்கும் ஸ்டீல் முனையைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அடுத்ததும் அதே இடத்தில் விட்டது. ரெசினை மாற்றினோம், இறுக விடும் கியூரிங் நேரத்தைக் கூட்டினோம். விரிசல் நிற்கவில்லை. திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டும்வரை பாய் விரிசல் விட்ட பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சொன்னார்:

"குளிர்ல ஸ்டீல் ஒரு மாதிரி சுருங்குது, ரெசின் ஒரு மாதிரி சுருங்குது. ரெண்டுக்கும் நடுவுல மெத்தை போடணும் தாயி."

ஸ்டீல் முனைக்கு மட்டும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் பூச்சுப் பூசி, அது இறுகியபின் எபாக்ஸியை ஊற்றினோம். டக் சத்தம் வரவில்லை. ஆழ்கடல் அழுத்தத்துக்கு, மில்லில் பாய்லர் பைப் டெஸ்ட் செய்யும் கைப்பம்பை இரவல் வாங்கினோம். பம்பை அடித்து அடித்து எங்கள் தோள் கழன்றுபோனது. கடைசியில் எட்டுக் கருவிகள் தேறின. பாய் ஒவ்வொன்றின் மூலையையும் உப்புத்தாளால் தேய்த்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார்.

3. எட்டும் பேசின

அடுத்த வருஷம் முத்துக்குமாரின் குழு ஒரு தீவில் இறங்கி, எட்டு சீல்களின் தலையில் அவற்றை ஒட்டியது. எட்டும் கடலுக்குப் போயின. எட்டும் பேசின. முத்துக்குமார் கிராப்களை மெயிலில் அனுப்புவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவார். நான் மெயிலைத் திறந்து காட்டுவேன். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது. கிராப் பார்க்கத் தெரியும்.

மற்ற ஏழும் தீவைச் சுற்றியே மேய்ந்தன. ஆறாம் நம்பர் மட்டும் தெற்கே, பனிக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. தென்துருவக் கண்டத்தின் ஓரத்தில் அது முங்கியபோது வந்த கிராப் விசித்திரமாக இருந்தது. மேலே உறைகிற குளிர், கீழே ஆழத்தில் அதைவிட வெதுவெதுப்பு. முத்துக்குமார் போனிலேயே துள்ளினார். அந்த இடத்தில் சூடான தண்ணீர் இவ்வளவு தூரம் ஏறி வருவதை யாரும் பார்த்ததில்லை, பனியை அது அடியிலிருந்து உருக்கும், இது மட்டும் நிஜமானால் பெரிய விஷயம் என்றார்.

அந்த நாட்களில் பாயைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையிலும் பள்ளிவாசலிலும், கம்பத்து ஐஸ் பேக்டரியிலும்கூட, "நம்ம ஆறாம் நம்பரு" என்று ஆரம்பித்துவிடுவார். சொந்தப் பிள்ளை கடல் கடந்து வேலைக்குப் போன மாதிரி பேசுவார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கருவிகளும் ஓய்ந்தன. ஆறாம் நம்பரும் ஓய்ந்தது.

4. ஒதுக்கி வைத்தார்கள்

முடி உதிர்க்கும் காலத்தில் தீவுக்குத் திரும்பிய சீல்களில் ஒன்றிடமிருந்து மட்டும் கருவி கிடைத்தது. அது இரண்டாம் நம்பர். ஆன்டெனா வெளியே வரும் இடத்தில் விரிசல் விட்டு, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. லேப்பில் வைத்து ஒத்துப் பார்த்தால், இருப்பதைவிடக் கூடுதலாகச் சூடு காட்டியது.

முத்துக்குமார் போன் செய்தபோது நான் பாய் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்ப ஆறாம் நம்பரு?" என்று கேட்டார் பாய்.

"அதைச் சரின்னும் சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல பாய். கருவி கையில கிடைச்சாத்தான் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரையில இப்போதைக்குச் சேக்க வேண்டாம்னு குழுவுல சொல்லிட்டாக. ஒதுக்கி வச்சிருக்கோம்."

அவர்கள் செய்தது முறைதான். அந்த இடத்தில் வேறு யாரும் அளந்ததில்லை, ஒத்துப் பார்க்க எதுவும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பாய் காதில் விழுந்தது 'தப்பு' என்ற ஒரே வார்த்தைதான். போனை வைத்துவிட்டு, "நம்ம சாமான் பொய் சொல்லிருச்சு தாயி" என்றார்.

அப்படி இல்லை பாய், அவர் சொன்னது வேற என்றேன். வேறு வேறு நாட்களில், வேறு வேறு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டுவார். ஆனால் சீல் மோல்டை எடைக்குப் போட்டுவிட்டார். அடுத்த செட் கேட்டு முத்துக்குமார் கூப்பிட்டபோது, "இங்கன வேணாம் தம்பி. நல்ல ஆளாப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். குழு வேறு கேசிங்குக்கு மாறியது. முத்துக்குமாரை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். பாய் அதன் பிறகு மில் சென்சாரைக்கூட நம்பவில்லை. பாஸ் ஆனதை மறுபடி எடுத்து டெஸ்ட் செய்வார். டீக்கடையில் யாராவது வேடிக்கையாக, "என்ன பாய், ஒங்க சீலு எங்க போகுது?" என்று கேட்டால் எழுந்து வந்துவிடுவார்.

இரண்டாயிரத்து எட்டில் மாரடைப்பில் பாய் இறந்தார். யூனிட்டை அவர் மனைவி ஜுலேகா அக்கா பெயரில் நான் நடத்தத் தொடங்கினேன்.

5. கிடைத்தது

இரண்டாயிரத்துப் பத்து தொடக்கத்தில் முத்துக்குமாரிடமிருந்து போன் வந்தது. வேறு ஒரு நாட்டுக் குழு, வேறு ஒரு தீவின் கரையில், காய்ந்த முடிச் சிக்கலோடு ஒரு கருவியைக் கண்டெடுத்து அனுப்பியிருக்கிறது. ஆறாம் நம்பர். விரிசல் இல்லை, ஈரம் இல்லை. சென்சாரை ஒத்துப் பார்த்துவிட்டார்கள். அப்போது என்ன காட்டியதோ அது அத்தனையும் சரி.

இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பாயிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கே உத்தமபாளையம் போனேன். ஜுலேகா அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அவுக இருக்கையில தெரிஞ்சிருந்தா ரெண்டு வாய் சோறு கூடத் தின்னுருப்பாக" என்றார். பிறகு, "அந்தச் சீலு இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

கருவி கழன்றுவிட்டால் அது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்றேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் டெஸ்டிங் டேபிளில் மூன்று தட்டு வைக்கச் சொல்வது இதனால்தான். சரி, தப்பு, தெரியாது. மூன்றாவது தட்டில் இருப்பதை இரண்டாவதில் கொட்டாதீர்கள். உங்களை நீங்களே எடைபோடும்போதும் கொட்டாதீர்கள். பாய் அப்படிக் கொட்டிக்கொண்டார். அதைத் தடுக்க என்னிடம் வெறும் பேச்சுதான் இருந்தது. முத்துக்குமார் தேதிகளைக் கணக்குப் போட்டுச் சொன்னார்: அன்று போனில் ஒதுக்கி வைத்திருப்பதாக அவர் சொன்னபோதே அந்தக் கருவி கழன்று விழுந்திருக்கிறது. பாய் உயிரோடு இருந்த மிச்சக் காலம் பூராவும், அவர் சரியாகச் செய்தார் என்பதற்கான ஆதாரம் ஆளில்லாத ஒரு கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே சும்மா கிடந்திருக்கிறது.