மேட்னி நடுவில் என் பெயர் போட்டார்கள்

திருவண்ணாமலைக்கு ஒருநாள் பயணமாகப் போகிறோம், மத்தியானம் கோயில் நடை சாத்திவிட்டால் அந்த மூன்று மணி நேரம் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இப்போதைய பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதல்முறை போனபோது நான் சினிமாவுக்குப் போனேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கீழே போய்விடலாம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு பெற்றாளாம், அதனால் நான் அண்ணாமலை. பெயர் வைத்ததோடு சரி, அந்த ஊருக்கு என்னைக் கூட்டிப்போகவே இல்லை. போகலாம் போகலாம் என்று சொல்லியே காலம் போய்விட்டது. அவளுக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஆபீசில் ‘கேஷ் செக்‌ஷன்’ என்பார்கள், வீட்டுக்காரர் ‘மாடி போர்ஷன்’ என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை, சொல்வதற்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

பாரிமுனையில் ஐந்து மணி பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாகக் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய் சில்லறை. செஞ்சியில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் என் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினேன். செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை தெரிய ஆரம்பிக்கும். இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் என்று சண்டை போட வேண்டாம், ரோடு வளைந்து வளைந்து இரண்டு பக்கத்துக்கும் காட்டிவிடும்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் கம்மி. சன்னதியில் அர்ச்சகர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். அண்ணாமலை என்றேன். “சாமி பேருக்கா, சரி” என்று நட்சத்திரம்கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார். எனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது, விட்டுவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு நடை சாத்தினார்கள். சாப்பாடு முடிந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் மேட்னிக்கு வரிசை நின்றது. என்ன படம் என்று போர்டைக்கூடப் பார்க்கவில்லை, நிழல் கிடைத்தால் போதும் என்று நின்றேன். சேர் டிக்கெட் கேட்கக் கையை நீட்டியபோது பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டார்.

“சேர் வாணாங்க. மூட்டப்பூச்சி ஜாஸ்தி. வெளியூர்க்காரங்கதான் சேர்ல போயி உக்காருவாங்க. பெஞ்சுக்கு வாங்க.”

அவர் பெயர் ஏழுமலை. பக்கத்தில் அடி அண்ணாமலை என்ற கிராமத்துக்காரர், மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே போனதும் ஃபேனுக்கு நேர்கீழே இருக்கும் பெஞ்சில் துண்டைப் போட்டுப் பாதித் துண்டை எனக்கு விட்டார். அந்தக் கொட்டகையின் நடைமுறை எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். துண்டு போட்ட இடத்தில் கலெக்டரே வந்தாலும் உட்காரக் கூடாது. உயரமானவர்கள் சுவரோரம் போய்விட வேண்டும், மறந்துபோய் நடுவில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் தலையைப் பிடித்துச் சாய்ப்பார், கோபித்துக்கொள்ளக் கூடாது. முன்பெஞ்சில் கால் வைக்கக் கூடாது, ஆனால் எல்லோரும் வைத்திருந்தார்கள். பீடிப் புகைக்கு நடைமுறை எதுவும் கிடையாது, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் மார்பளவு சுவர். இடைவேளை விட்டதும் ஆண்கள் எல்லாம் அந்தச் சுவரோரம் போய் நின்று முறுக்கும் கலரும் வாங்கி அந்தப் பக்கம் நீட்டினார்கள். ஏழுமலையும் போனார். “ரெண்டு பொட்டலம் போதுமா?” என்று கேட்பதும், “ஒண்ணு கொழந்தைக்கு வச்சிரு” என்று பதில் வருவதும் கேட்டது. நான் ஒரு சோடா வாங்கி நின்ற இடத்திலேயே குடித்தேன். பயண நாள் முழுவதிலும் என்னால் தாங்க முடியாமல் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

ஸ்லைடு பற்றிச் சொல்ல வேண்டும், இப்போது படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. யாராவது அவசரமாக ஆளைத் தேடி வந்தால், ஆபரேட்டர் சின்னக் கண்ணாடித் துண்டில் பெயரை எழுதி, ஓடுகிற படத்தின் மேலேயே காட்டுவார். முதல் பாதியில் ஒன்று வந்தது. ‘தண்டராம்பட்டு முருகேசன் வெளியே வரவும்’. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த கொட்டகை கப்பென்று அடங்கியது. ஒருவர் எழுந்தார். வரிசை முழுக்கக் காலை மடக்கி வழி விட்டது.

“ஸ்லைடு போட்டா நல்ல சேதியா இருக்காதுங்க” என்றார் ஏழுமலை. “அதான் யாரும் சத்தம் போட மாட்டாங்க.”

இடைவேளை முடிந்து அரைமணி ஆகியிருக்கும், இன்னொன்று வந்தது. ‘அண்ணாமலை உடனே வெளியே வரவும்’. ஊர் பெயர் இல்லை.

அந்த ஊரில் போய் வெறும் அண்ணாமலை என்று போட்டால் என்ன ஆகும்? தரையில் இரண்டு பேர், பெஞ்சில் நாலு பேர், சேரில் ஒருவர் என்று எழுந்தார்கள். “எந்த ஊருனு போட வேணாமா?” என்று ஏழுமலை முணுமுணுத்தார். அதற்குள் நானும் எழுந்துவிட்டேன்.

“உங்க பேரும் அதானா? உங்கள இங்க யாருங்க தேடப் போறாங்க?”

சரியான கேள்வி. நான் அங்கே இருப்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. அறிவுக்கு நன்றாகவே தெரிந்தது, கால் கேட்கவில்லை. யாரோ தேடி வந்திருக்கிறார்கள், என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு. வரிசை எனக்கும் காலை மடக்கி வழி விட்டது.

வெளியே கேட்டருகில் வாடகை சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்களைப் பார்த்து, “இன்னாய்யா இத்தினி பேரு?” என்று திகைத்துப் போனார். டிக்கெட் கிழிப்பவர், “இந்தவாட்டி கண்ணாடி சின்னதாப் போச்சு, ஊர் பேருக்கு எடமில்லனு ஆபரேட்டர் வுட்டுட்டாரு” என்றார்.

“எங்கப்பாவுக்கு எதுனா ஆயிடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சம்சாரத்துக்கு நிறைமாசமாம், அவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “நீ இல்லப்பா, நீங்க இல்லீங்க” என்று சொல்லச் சொல்ல, அவர்கள் பெருமூச்சு விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். கடைசியாக என்னிடம் வந்தார்.

“நீங்க எந்த ஊருங்க?”

“மெட்ராஸ்.”

“அங்கேருந்து யார்னா வரேன்னு சொல்லியிருந்தாங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப ஏன் எழுந்து வந்தீங்க?”

“பேர் போட்டிருந்துச்சு” என்றேன். வேறு என்ன சொல்வது? அத்தனை பேரும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். ஏமாற்றத்தோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

அவர் தேடிய ஆள் வரவே இல்லை. கீழ்பென்னாத்தூர் அண்ணாமலை, அவருடைய மச்சான். “ராத்திரி பூரா கழனிக்குத் தண்ணி கட்னவன், உள்ள தூங்கினு இருப்பான். அவங்கம்மாவுக்கு மூச்சு எளப்பு, இங்க ஆஸ்பத்திரில சேத்துருக்குது. அவன் பேரையே சொல்லினு கெடக்குது. மேட்னிக்குப் போறேன்னு அதுங்கிட்டதான் சொல்லிட்டு வந்திருக்கான், அதான் இங்க ஓடியாந்தேன்.”

டிக்கெட் கிழிப்பவர் கேட்டை விட்டு நகர முடியாது, சைக்கிளை விட்டு இவர் வர முடியாது. நான் பார்க்கிறேன் என்று உள்ளே ஓடினேன்.

இருட்டில் குனிந்துகொண்டே, “கீழ்பென்னாத்தூர் அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் அண்ணாமலை” என்று மெல்லக் கூப்பிட்டுப் போனேன். படம் ஓடும்போது சத்தம் போட்டால் அடிக்கவே வருவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. முன்வரிசைக்காரர் அடுத்த வரிசைக்குச் சொன்னார், அவர் அதற்கடுத்த வரிசைக்குச் சொன்னார். ஏழுமலை எழுந்து நின்று கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரலும், “அண்ணாமலை, யாருப்பா அண்ணாமலை?” என்றது. மூன்று மாதமாக யாரும் சொல்லாத பெயரைக் கொட்டகையே சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கில்லை என்று தெரிந்தும் ஒரு நொடி கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டேன்.

சுவரோரக் கடைசி பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். உலுக்கி எழுப்பினேன். “அம்மா கூப்பிடுறாங்க, ஓடுங்க” என்றேன். எந்த அம்மா, ஏது என்று கேட்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் வாசலுக்குப் போவதற்குள் சைக்கிளில் இருவரும் தெருமுனை திரும்பிவிட்டார்கள். போய்ச் சேரும்போது அந்த அம்மா இருந்தாளா, தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

பெஞ்சுக்குத் திரும்பினேன். “உங்களுக்கு இல்லியே?” என்றார் ஏழுமலை. இல்லை என்றேன். “அப்பாடா, நல்லதாப் போச்சு, உக்காருங்க” என்று துண்டைத் தட்டிப் போட்டார். நல்லதுதான் என்று நானும் சொன்னேன். படம் எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை.

இனி உங்களுக்குத் தேவையானது. நடை திறக்கும் நேரம் விசேஷ நாட்களில் மாறும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியைத் தவிர்த்தால் நிம்மதியாக நடக்கலாம். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர், மத்தியான வெயிலில் வேண்டாம். அந்த நேரத்துக்கு சினிமாதான் இன்றும் என் பதில். இருக்கைகள் நன்றாகவே இருக்கின்றன, ஏசி இருக்கிறது, ஃபேனுக்குச் சண்டை இல்லை. பக்கத்து சீட்காரர் செல்போன் வெளிச்சத்தை மூஞ்சியில் அடிப்பார், சொன்னால் முறைப்பார். ஸ்லைடு கிடையாது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இவ்வளவு போதும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. எங்கே போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரைக் கண்டுபிடிக்க முடிந்தது அதனால்தான். சொல்ல ஆள் இல்லை என்றால் வெட்கப்படாமல் கீழே கமென்டில் உங்கள் பெயரைப் போட்டு, இன்ன தேதி போகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரி வரவில்லை என்றால், உங்கள் பெயரைச் சொல்லி நான் கேட்பேன்.