ஏழு படங்கள்

சோவியத் நாட்டின் செர்னகொலோவ்கா ஆய்வுக்கூடத்தில் ரிம்மா சவேல்யெவ்னாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாகக் கணினித் தாள்களை அச்செடுத்து அடுக்குகிறாள். ஒரு தாள்கூட இடம் மாறியதில்லை. இன்று, கருத்தரங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஏழு படங்கள் கைதவறித் தரையில் சிதறிவிட்டன. சூடேறிய காந்தம் தன் சக்தியை இழக்கும் தறுவாயில் எப்படி இருக்கும் என்று, ஒன்றைவிட ஒன்று பெரிதாக்கிக் காட்டும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள். எண் போட மறந்திருந்தாள். எப்படி மாற்றி அடுக்கினாலும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

விஞ்ஞானி கிளெப் இக்னாத்யெவிச் உள்ளே வந்தார்.

"வரிசை குழம்பிடுச்சு. எது எத்தனாவதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க," என்றாள்.

அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எனக்கும் தெரியலை, ரிம்மா சவேல்யெவ்னா! தெரிஞ்சா என் கணக்கு தப்புன்னு அர்த்தம். அந்தச் சூட்டுல எவ்வளவு பெருசாக்கினாலும் அதே முகம்தான்."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

"அப்ப ஒண்ணு போதுமே! நேத்து கடையில ஆரஞ்சுப்பழம் வாங்க வரிசையில நின்னவளை இழுத்துட்டு வந்து எதுக்கு ஏழு எடுக்கச் சொன்னீங்க?"

சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஏழு தாள்களிலும் 'ஒன்று' என்றே எண் போட்டாள்.