ஜானவாசத்தில் ஒட்டிக்கொண்ட கூரை

தில்லியில் என்னைவிட வயதான கார் ஒன்று வைத்திருக்கிறேன். சக ஊழியர் ஒருவர் தம் மகளின் கல்யாணத்தில் ஜானவாச மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைக் கேட்டார். மழைக்காலம், காரின் மடக்குத் துணிக்கூரையோ ஒழுகும். அன்று மாலை கிளம்பும் நேரத்தில் கிழிசல்மேல் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டுத்துணி வைத்தேன். அது காய்வதற்குள், எல்லாரும் பார்க்கட்டும் என்று கூரையை மடித்து மாப்பிள்ளையை ஏற்றிவிட்டேன்.

கோல் மார்க்கெட் அருகே தூறல் விழுந்தது. கூரையை இழுத்தால் வரவில்லை. மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கிடந்தது. மாப்பிள்ளையின் புதுக் கோட்டு நனைவதைக் கண்டு பெண்ணின் அப்பா நடுங்கினார்.

"இனிமே இது ஒழுகாது ஓய். விரிஞ்சாத்தானே ஒழுகும்?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

சீட்டுக் கிழிசலை மறைக்க நான் விரித்திருந்த ஜமக்காளத்தை அவரே உருவினார். நாலு பேர் அதை மாப்பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தபடி காரோடு நடக்க, ஒருவழியாக மண்டபம் சேர்ந்தோம்.

இப்போதெல்லாம் ஒட்டினால் கூரையை இரண்டு நாள் விரித்தே காயவிடுகிறேன். ஜமக்காளத்தையும் காரைவிட்டு எடுப்பதில்லை.