டிக்கியில் ஒட்டிய மூன்று எழுத்து

பக்கத்து வீட்டில் யாரோ தலைமுடி உலர்த்துகிறார்கள். ஹேர் டிரையரின் இரைச்சல் சுவர் தாண்டி வருகிறது. வந்ததும் என் மூக்கில் கோந்து கருகும் வாசனை. அங்கே கோந்தும் இல்லை, கருகலும் இல்லை. எனக்கு மட்டும் அடிக்கிற வாசனை அது.

போன வருஷம் ஒரு காலை. மைசூர் விஜயநகர் வீட்டு வாசலில், எங்கள் காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் மனைவியின் டிரையர், ஜன்னல் வழியே இழுத்த ஒயர். சூடு காட்டினால் கோந்து இளகும், தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்தால் எழுத்து கழன்று வரும் என்று கைபேசியில் ஒருவன் செய்து காட்டியிருந்தான். டிக்கியில் மூன்று வெள்ளி எழுத்து. அந்தக் காரில் இதுதான் மேல் ரகம் என்று பின்னால் வருகிறவனுக்கெல்லாம் சொல்லும் எழுத்து. வண்டி மேல் ரகம் இல்லை, அடி ரகம். எழுத்தை ஒட்டியவன் நான்.

முதல் எழுத்தின் ஒரு முனை எழும்பியது. அடியில் பெயின்ட் புதுசாகப் பளபளத்தது. சுற்றிலும் வெயில் தின்ற சாம்பல். எடுத்தாலும் அதன் தடம் அப்படியே நிற்கும்.

"ஏனுங்க, என்ற டிரையரு எங்கீங்க?" உள்ளேயிருந்து குரல்.

கட்டை விரலால் முனையை அழுத்தி ஒட்டிவிட்டு எழுந்தேன்.

அவள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கணக்கு டீச்சர். பிறந்தது கொள்ளேகால் பக்கம். ஊரில் அவள் அப்பா ஓட்டிய ஜீப் புளியமரத்தில் மோதியபோது ஸ்டியரிங் அவர் நெஞ்சில் இறங்கியது. மூன்று நாள் மூச்சுக்குத் தவித்து இறந்தார். அதனால், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பள்ளிக்குத் தானே ஓட்டிப் போகிறேன் என்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "கலரு, கம்பெனி எதாச்சும் இருக்கட்டும். ஏர்பேக் மட்டும் இருக்கோணும்."

இப்போது எல்லாக் காரிலும் வருகிறது. அப்போது அந்த வண்டியில் மேல் ரகத்துக்கு மட்டும். மேல் ரகத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆயுதபூஜைக்கு எட்டு நாள் இருந்தது. மைசூரில் அந்த நாளில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு வண்டி குளித்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சையோடு நிற்கும். தெரு முழுக்கப் பூசணிக்காய் உடையும்போது என் வாசலில் மட்டும் வெறும் கோலமா? காத்திருக்க எனக்குத் தெரியாது. பஸ் வராவிட்டால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் பஸ்ஸைத் தவற விடுகிற ஜென்மம். அடி ரகம் உடனே கிடைக்கும் என்றார்கள். எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டு வரும் வழியில் உதிரிச் சாமான் கடையில் நிறுத்தினேன். டிக்கிக்கு எழுத்து. ஸ்டியரிங் நடுவில் ஹாரனுக்கு மேலே பொருத்த, ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் அச்சான ஒரு பிளாஸ்டிக் மூடி. கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்தவரோ.

அவள் அந்த மூடியைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ளயா இருக்குது?" என்றாள்.

"ஆமா. சுருட்டி வெச்சிருப்பாங்க."

எட்டு வருஷம் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து போனாள், வந்தாள்.

அப்புறம் ஒரு மாலை, ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி சர்வீஸ் ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டர். அவள் எப்போதும்போல மெதுவாகத்தான் வந்தாள். தாடையில் இரும்புத் தகடு. கீழ் வரிசையில் நாலு பல் இல்லை. பேச்சில் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும். ஆஸ்பத்திரியில் வாயைக் கட்டிப் போட்டிருந்தபோது சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: பை ஏன் திறக்கல?

நான் சொன்னேன்: "வேகம் பத்தல. மெதுவாப் போனா அது திறக்காது."

சில மோதலில் அது நிஜமும்தான். எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

வண்டியைச் சரிசெய்த ஷெட்டுக்கு நான் தனியாகப் போனேன். ஸ்டியரிங் மூடி அவள் தாடை பட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அதே கடையில், அதே எழுத்துள்ள இன்னொன்றை வாங்கிப் பொருத்தினேன். இந்த வாக்கியத்தை எழுதாமல் எத்தனையோ பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். எழுதிவிட்டேன்.

அவள் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் வாயைப் பொத்திச் சிரித்துச் சொல்வாள்: "மெதுவாப் போயித்தான் பல்லு போச்சு. இன்னுங் கொஞ்சம் அழுத்தியிருந்தா தப்பிச்சிருக்கும்." தப்பு தன் காலில்தான் என்று நம்பினாள். முறுக்கைக் கல்லில் பொடித்துத் தின்றுகொண்டே நம்பினாள்.

விற்றுவிடலாம் என்று முடிவானபோது விளம்பரத்தில் அடி ரகம் என்றே போட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை.

நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு பெண் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னாள். அந்நேரம் மனைவி பள்ளியில் இருப்பாள். இருந்திருப்பாள். விடிந்ததும் பள்ளிக்குத் திடீர் விடுமுறை என்று செய்தி வந்தது. வருகிறவள் மனைவி எதிரில் எழுத்தைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாதே என்று, அதற்குப் பிறகுதான் டிரையரை எடுத்தேன்.

வந்தவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். பூர்வீகம் ஹனூர், தமிழ்க் குடும்பம். தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனை வேலை. தோளில் பை, கையில் டார்ச். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே காரின் பின்பக்கம் போய் நின்றாள்.

"என்னண்ணா இது? ஊரெல்லாம் அடி ரகத்தை மேல்னு சொல்லி ஏமாத்துவாங்க. நீங்க மேல் ரகத்தை அடின்னு போட்டு விக்கறீங்க?"

"அது... எழுத்து சும்மா..."

"சும்மா எதையும் நான் நம்பறதில்லண்ணா. லேபிள் சொல்றது டப்பாவுக்குள்ள இருக்கான்னு பாக்கறதுதான் என் பொழப்பே. கார்டு கொடுங்க."

ஆர்.சி. கார்டை வெயிலில் சாய்த்துப் படித்தாள். அடி ரகம். பானெட்டைத் திறக்கச் சொல்லி சேசிஸ் நம்பரில் டார்ச் அடித்து, கார்டோடு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். முன் மட்கார்டைத் தட்டிக் கேட்டாள்.

"முன்னாடி அடிபட்டிருக்கு, ஹௌதா?" ஆமாவா என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். "ரெண்டு வண்டிய ஒட்டவெச்சு ஒண்ணாக்கலையே?"

"இல்லம்மா. ஒரே வண்டிதான்."

அப்போது மனைவி இரண்டு டம்ளர் காபியோடு வெளியே வந்தாள். "அடிபட்டது என்னாலதானுங்க," என்றாள் அவளிடம். "வண்டி மேல தப்பில்ல. பையெல்லாம் உள்ள அப்படியே இருக்குது. நான் மெதுவாப் போனதுனால திறக்கல."

அந்தப் பெண் காபியை வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைச் செருகினாள்.

"அக்கா, இங்க பாருங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஒரு திருப்பு திருப்பினா எல்லா விளக்கும் எரியணும். ஆயில், பேட்டரி, ஹேண்ட் பிரேக். ஏர்பேக் இருந்தா, ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு சின்னப் படமும் கூட எரியும். கொஞ்ச நேரத்துல அணையும். நான் இருக்கேன், நல்லா இருக்கேன்னு அது சொல்ற மாதிரி."

திருப்பினாள். ஆயில் எரிந்தது. பேட்டரி எரிந்தது. ஹேண்ட் பிரேக் எரிந்தது. அந்தப் படம் வரவேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது.

"பல்பு போயிருக்குமோ?" என்றாள் மனைவி.

வந்தவள் ஸ்டியரிங் மூடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டப்பென்று கையோடு வந்தது. உள்ளே ஹாரன் ஒயர். கொஞ்சம் தூசு.

"கார்டு சொல்றது சரிக்கா. இதுல ஏர்பேக் எப்பவுமே இருந்ததில்ல."

"வேகமாப் போயிருந்தாலுமா?"

"விமான வேகத்துல போனாலும் திறக்காதுக்கா. இருந்தாத்தானே திறக்கும்?" சிரிக்க ஆரம்பித்தவள் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இறங்கிப் பையை மாட்டினாள். மூடியை என் கையில் வைத்தாள். "எனக்கு வேண்டாம்ணா. அடி ரகம்கறதுக்காக இல்ல." கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

மனைவி டம்ளர்களைக் கார் கூரைமேல் வைத்தாள். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். மூன்று விளக்கு. அணைத்தாள். திருப்பினாள். மூன்று விளக்கு. கணக்கு டீச்சர் விடையைச் சரிபார்ப்பதுபோல நாலைந்து முறை.

"நீங்க ஒட்டுனதா?"

"ஆமா."

"எதுக்குங்க?"

"அது வர மூணு மாசம் ஆகும்னாங்க. ஆயுதபூஜை வந்துட்டது."

பணத்துக்காக என்று சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"மூணு மாசம்," என்றாள். "நான் மூணு மாசம் கஞ்சி குடிச்சேன், சிரிஞ்சில."

மத்தியானம் சின்ன சூட்கேஸோடு வெளியே வந்தாள். கொள்ளேகாலில் தங்கை வீட்டுக்கு என்றாள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்து, தெருமுனையில் தானே ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். சூட்கேஸை நான்தான் உள்ளே வைத்தேன். அதற்கு விட்டாள்.

"எப்ப வருவே?" என்றேன்.

"தெரியலீங்க." தாடையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெளிவாகச் சொன்னாள்: "அந்த எழுத்தை எடுத்துப் போட்டு வில்லுங்க. இல்லாட்டி இன்னொருத்தியும் நம்பிப்போடுவா."